பக்கத்துச் சீற்றின் பிறேக்

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குக் கார் பழக்கியவர் பாலேஸ்வரி என்றால் அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனாலும் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் மாடிக்கு ஒருவராவது அவரிடம் "மிரரைப் பார், சிக்னலைப் போடு, தோளுக்கு மேலால திரும்பிப் பார்" என்று பேச்சு வாங்கியிருப்பார்கள். பதினொரு வருடமாக அவருடைய இடம் பக்கத்துச் சீற். அங்கே அவருடைய காலடியில் இரண்டாவதாக ஒரு பிறேக் பூட்டியிருந்தது. பழகுகிற பிள்ளை சிவப்பு விளக்கைக் காணாமல் விட்டால் அவர் அதை அமத்துவார். அந்தச் சாம்பல் நிறக் கொறோலாக் காரை அவர் தானாக ஓட்டியது தன் வீட்டுக்கும் பழகுகிற பிள்ளைகளின் வாசலுக்கும் இடையில் மட்டுந்தான். அதுவும் றோட்டுப் போர்டில் போட்ட வேகத்துக்கு மேல் முள் ஒரு கோடும் ஏறாமல்.

கணவர் ஜெயரட்ணத்துக்கு மிசிசாகாவில் விமான நிலைய வேலை. தங்கமான மனிதர், ஆனால் முன்சீற்றில் இருத்தி வைக்க முடியாது. மற்றவர் ஓட்டும்போது அவருடைய வலது கால் தானாகப் பிறேக்கைத் தேடும். வேறு கார்களில் தேடினால் பாதகமில்லை. இந்தக் காரில் தேடினால் கிடைத்துவிடும். ஒருநாள் ஹைவேயின் நடுவில் அவர் ஓங்கி அமத்த, பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்னிலேயே ஏறி நின்றான். அன்றோடு அவருக்குப் பின்சீற் என்று தீர்ப்பாயிற்று.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் கராஜ்காரன் பஸ்ரியன்தான் அந்தக் கதையை எடுத்தான்.

"அக்கா, வடக்கை ரெண்டு மணித்தியாலம் ஓடினா ஒரு ஸ்கீ மலை இருக்கு. கோடையில அதின்ர றோட்டை எங்கட கார் கிளப்புக்குத் தருவினம். ஒவ்வொரு காரா அடியிலயிருந்து உச்சிக்கு ஏத்துறது. ஆர் கெதியா ஏறினதெண்டு மணிக்கூடு சொல்லும். ரேஸ் கார் தேவையில்லை, பால் வாங்கப் போற கார் காணும்."

"என்ன ஸ்பீட் லிமிற்?"

"லிமிற் இல்லை. பொலிஸும் இல்லை, எதிர்க்காரும் இல்லை."

பாலேஸ்வரிக்கு அந்த வசனம் மூன்று நாளாகக் காதைவிட்டுப் போகவில்லை. நான்காம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது கணவரிடம் சொன்னார். "இஞ்சருங்கோ, எனக்கு நாப்பத்திமூண்டு வயசாகுது. பக்கத்தில ஒருத்தரும் இல்லாமல், ஒருக்கா, அக்சிலரேற்றரை அடிமட்டும் அமத்திப் பாக்கவேணும்." ஜெயரட்ணம் பயந்துதான் போனார். ஆனாலும் "ஓம், போவம். நான் கீழை நிண்டு பாக்கிறன்" என்றார்.

ஓட்டத்துக்கு முதல்நாள் காரைக் கொண்டுவந்தால் பக்கத்துப் பிறேக்கைக் கழற்றித் தருவதாகப் பஸ்ரியன் சொல்லியிருந்தான். ஆனால் அன்று துர்க்கா என்ற பிள்ளைக்கு மூன்றாந்தரம் றோட் ரெஸ்ற். அவள் பாஸாகிய சந்தோசத்தில் ஆசிரியைக்குக் கராஜ் மறந்தே போயிற்று.

மலையடியில் காரைச் சோதித்தவர் ரயர், பற்றரி, பெல்ற், ஓட்டுநர் பக்கத்துப் பிறேக் எல்லாம் பார்த்தார். உள்ளே உருளக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்றார். பின்பெட்டியிலிருந்து ஒரு மூட்டை அரிசியும், மூன்று சோடிப் பனிச்சப்பாத்தும், கூரையில் பூட்டுகிற 'பழகுநர்' போர்டும் இறங்கின. பக்கத்துச் சீற்றின் அடியை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

புதியவர்களுக்குக் கிளப்பில் ஒரு சட்டம். முதல் இரண்டு ஓட்டமும் பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார். அவர் அட்டையில் கையெழுத்து வைத்தால்தான் மூன்றாவது ஓட்டம் தனியே. அந்த மூன்றாவதுக்காகத்தான் பாலேஸ்வரி வந்திருந்தார். பயிற்றுநரின் பெயர் டக். ஆறடி மனிதர், முப்பது வருடம் காரில் மலை ஏறியவர்.

கொடி விழுந்தது. பாலேஸ்வரி மிரரைப் பார்த்து, சிக்னலைப் போட்டு, புறப்பட்டார். முதல் வளைவுக்கு இடது சிக்னல். அடுத்ததுக்கு வலது. புல்லில் இருந்து பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்றைக்கு வந்தவர்களில் மரியாதை தெரிந்த ஒரே ஆள் இவர்தான் என்று ஒலிபெருக்கிக்காரர் அறிவித்தார். அதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை. கவலை வேறு. ஒவ்வொரு வளைவிலும் கார் தானாகச் சோர்ந்துபோய் முனகியது. உச்சிக்கு இரண்டு நிமிடம் முப்பத்தொரு செக்கன். அன்றைய கடைசி இடம்.

டக் அட்டையில் எழுதினார்: வளைவின் நடுவில் தேவையில்லாமல் பிறேக் போடுகிறார். அடுத்த ஓட்டமும் இப்படியென்றால் தனியே விடமுடியாது.

பாலேஸ்வரிக்கு அழுகை வந்தது. பதினொரு வருடம் மற்றவர்களுக்காகப் பயந்து பயந்து, கடைசியில் பயம் தன் காலுக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று நினைத்தார். ஜெயரட்ணம் சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நிறுத்தியிருந்த காரின் முன்சீற்றில் வந்து இருந்தார். ஓடாத கார்தானே என்று பாலேஸ்வரியும் விட்டுவிட்டார். காலை நீட்டியவர் கீழே குனிந்து பார்த்தார்.

"உது இன்னும் இருக்கே."

"எது?"

அவர் காலால் அமத்திக் காட்டினார். பெடலின் றப்பரில் ஈரச் சேறு, பெரிய சப்பாத்தின் அடையாளம். ஜெயரட்ணத்தின் சப்பாத்தில் சேறில்லை.

"அந்தாளும் என்னைப்போலதானப்பா" என்று ஜெயரட்ணம் மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த ஆறுதலைச் சொல்லி மாளாது. முப்பது வருடம் மலை ஏறியவனுக்கே கால் தேடுகிறதென்றால் தான் ஒன்றும் மோசமில்லைத்தானே.

பாலேஸ்வரி டக்கைக் கூட்டிவந்து காட்டினார். டக் குனிந்து பார்த்தார். முதலில் முகம் சிவந்தது, பிறகு காதும் சிவந்தது, பிறகு காரின் கூரையில் கைவைத்துக் கண்ணீர் வரச் சிரித்தார். தன் கால் அமத்தியது தனக்கே தெரியாது என்றார். பஸ்ரியன் உச்சியில் கொடியோடு நின்றான், கழற்ற ஆளில்லை. ஆகவே பாலேஸ்வரி தன் பழைய வேலையைச் செய்தார். சீற்றைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, டக்கிடம் கால் இரண்டையும் மடக்கிச் சீற்றோடு ஒட்டி வைக்கச் சொல்லி, கைகளால் முழங்காலைப் பிடிக்கச் சொன்னார். டக் நல்ல மாணவர். முழு மலையும் முழங்காலை விடவில்லை. ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு. கீழே வந்ததும் அட்டையில் கையெழுத்து விழுந்தது.

மூன்றாவது ஓட்டத்துக்குப் பக்கத்துச் சீற் வெறுமையாக இருந்தது. பாலேஸ்வரி அதை ஒருமுறை பார்த்தார். ஹெல்மெற்றுக்குள் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கொடி விழ, அவர் அமத்தினார், அடிமட்டும். அந்தக் கிழட்டு ஓட்டோமற்றிக் கொறோலா ஒரு கணம் யோசித்தது, பிறகு கத்திக்கொண்டு ஏறியது. மரங்கள் ஓடின, வளைவு வந்தது, போனது, அடுத்தது வந்தது. யாரும் அமத்தவில்லை. அவர் சிரித்துக்கொண்டே ஏறினார், உச்சியில் கொடியோடு நின்ற பஸ்ரியனைக் கூடக் காணவில்லை.

ஒரு நிமிடம் நாற்பத்துமூன்று. இருபத்திரண்டு கார்களில் பத்தொன்பதாவது.

ஊர்ந்து ஊர்ந்து கீழே வந்தபோது ஜெயரட்ணம் றோல்ஸ் பெட்டியும் கையுமாக ஓடி வந்தார். சந்தோசத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், கண்ட ஒன்றைச் சொன்னார்.

"நீர் ஒரு வளைவிலயும் சிக்னல் போடேல்லையப்பா."

பாலேஸ்வரி ஹெல்மெற்றைக் கழற்றினார். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"ஓம்" என்றார். "றோட் ரெஸ்ற் எண்டா பெயில்தான்."

பிறகு பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்கோ, முன்னுக்கு. ஆனா முழங்காலைப் பிடியுங்கோ" என்றார்.