சம்பந்தி பக்கத்தில் இருக்கையில்

குமராட்சி மினி பஸ் டிரைவர் ராஜமாணிக்கத்தின் சிறுகுடலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று நாளைக்கு முன்பு சிதம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் அறிவுமதி அவர் வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, கட்டி இருந்த குடல் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார். வெளியே பார்த்தால் நாலு பிளாஸ்திரிதான். ஆனால் அன்றிலிருந்து குடல் அசைய மாட்டேன் என்று படுத்துவிட்டது.

"காத்து பிரிஞ்சுதா?" என்று காலையிலும் டாக்டர் கேட்டார்.

"இல்லீங்கம்மா."

"குடல் வேல செய்ய ஆரம்பிச்சாதான் வாய்க்கு எதாவது குடுக்க முடியும். சாயந்தரம் வரைக்கும் பாப்போம். அப்பவும் பிரியலன்னா ஸ்கேன் எடுக்கணும். தச்ச எடத்துல அடைப்பு இருந்தா வயித்தத் தொறந்துதான் சரி பண்ணணும்."

தொறக்கிறது என்றதும் ராஜமாணிக்கம் நாள் கணக்குப் போட ஆரம்பித்தார். வயிற்றைக் கிழித்துத் தைத்தால் மாதக்கணக்கில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அதற்குள் முதலாளி வேறு ஆளை ஏற்றிவிடுவார். பயம் பயம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பதினோரு மணிக்குக் கடலூரிலிருந்து சுப்பிரமணியன் வந்து சேர்ந்தார். மகள் பவானியின் மாமனார். பவானி வேலை பார்க்கும் சிப்காட் கம்பெனியில் ஆடிட், லீவு கிடைக்கவில்லை. வந்தவர் ராஜமாணிக்கத்தின் மனைவி தில்லையம்மாளை, "நீங்க ஊருக்குப் போயி குளிச்சி சாப்ட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்த மனிதரிடம் ராஜமாணிக்கம் ஒன்பது வருஷமாக அளந்துதான் பேசுகிறார். கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம் தன்னைத் தாண்டிப் போய்விட்டதென்று பந்தியில் உட்காராமலே கிளம்பப் பார்த்த ஆள். அவர் எதிரில் ராஜமாணிக்கம் லுங்கி கட்டி நின்றதுகூடக் கிடையாது.

பன்னிரண்டு மணிவாக்கில் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. மூன்று நாளாகக் காத்திருந்த சங்கதி, இந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? ராஜமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார். உருண்டது வந்த வழியே திரும்பிவிட்டது.

"கேன்டீன்ல டீ நல்லா இருக்குமாம். போயி ஒண்ணு சாப்ட்டு வாங்களேன், சம்பந்தி."

"பரவால்ல சம்பந்தி. நான் எங்கயும் போறதா இல்ல."

கழிப்பறைக்காவது போகலாம் என்று ராஜமாணிக்கம் எழுந்தார். சம்பந்தியும் எழுந்தார். டிரிப்ஸ் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். குழாயின் நீளம் அவ்வளவுதான் என்பதால் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அங்கே எந்த மனிதனுக்கு என்ன நடக்கும்? ராஜமாணிக்கம் வெறுமனே திரும்பி வந்து படுத்தார்.

நாலு மணிக்கு நர்ஸ் வந்து, ஸ்கேனுக்குச் சீட்டு எழுதியாகிவிட்டது, அரை மணியில் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வயிறு உப்பி இறுகியிருந்தது. அப்போது மறுபடியும் உருண்டது. இதை விட்டால் அடுத்தது வருமோ வராதோ. மானம் போனால் போகிறது என்று ராஜமாணிக்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வார்டு முழுக்கக் கேட்டது.

ஸ்டூல் தரையில் கிறீச்சிட்டது. சம்பந்தி எழுந்து வெளியே போகும் சத்தம். அவ்வளவுதான், இனி பவானி முகத்தில் எப்படி விழிப்பது என்று ராஜமாணிக்கம் கண்ணைத் திறக்காமலே கிடந்தார். வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"சிஸ்டர், பிரிஞ்சிடுச்சி. எங்க சம்பந்திக்குக் காத்து பிரிஞ்சிடுச்சி." பிறகு போனில், "பவானி, பிரிஞ்சிடுச்சிம்மா. நான் என் காதால கேட்டேன். அழாத. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

திரும்பி வந்து உட்கார்ந்த சுப்பிரமணியன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நல்ல சேதி தெரியாம வீட்டுக்கு வராதீங்க மாமான்னு சொல்லி அனுப்பிச்சா. காலைலேர்ந்து கேக்கணும்னுதான் ஒக்காந்திருக்கேன். உங்ககிட்ட இத எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியல."

ராஜமாணிக்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வலித்தது. பிளாஸ்திரிகளைக் கையால் அமுக்கிக்கொண்டே சிரித்தார்.

"இன்னொண்ணு வருது, சம்பந்தி."

"வரட்டும்" என்றார் சுப்பிரமணியன். "நல்லா வரட்டும்."