வாளில் இருந்த இரண்டு எழுத்துகள்

மார்ச் பதினான்காம் தேதி காலை, அருங்காட்சியகத்தின் மாடி ஆய்வறையில், ஐரோப்பியப் படை அதிகாரி ஒருவரின் பழைய வாள் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

கொண்டுவந்தவள் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். அவளுடைய அப்பா இளவயதில் அதிகாரிகள் மன்றத்தில் உணவு பரிமாறியவர். நாடு திரும்பிய ராணுவ டாக்டர் ஒருவர் தன் வாளை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அதே மாதம் மன்றத்துச் சுவரில் தொங்கிய ஒரு கேப்டனின் வாள் காணாமல் போயிற்று. இரண்டும் ஒரே வகை வாள்கள். திருடன் என்று சொல்லி அப்பாவை வேலையிலிருந்து துரத்தினார்கள். எண்பதைத் தாண்டியும் தெருவில் அவருக்கு ‘வாள்’ என்றுதான் பெயர். வாள் வர்றார், கல்லாவைப் பூட்டு என்று கடைக்காரர்கள் பல்லைக் காட்டுவார்கள்.

வாளின் அலகு நடுவில் டாக்டருடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டு இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே அப்பாவின் வாய் ஓய்ந்துபோனது. அப்போது யாரும் வாளை உருவிப் பார்க்கவில்லை. பிறகு துரு பிடித்து உறைக்குள் இறுகிவிட்டது. இந்த வருடம்தான் மன்றம் இறங்கிவந்தது. நிபுணர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம், எங்கள் கேப்டனுடையது இல்லை என்று நிரூபிக்க முடியாவிட்டால் வாள் எங்களுக்கு என்றது. அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வறைக்காரர்கள் உறையை அறுத்துவிடுவார்கள் என்று பயந்து, வாளை உறையிலிருந்து கழற்றும் வேலையை அவளுடைய அண்ணன் ஏற்றிருந்தான். உலோகப் பாத்திரம், கைப்பிடி எதைக் கொடுத்தாலும் மெருகேற்றித் தரும் பட்டறை அவனுடையது. கறை படிந்த எதையும் அவன் கை வெளியே விட்டதில்லை.

நிபுணர் கைப்பிடிக் காப்பிலிருந்து தொடங்கினார். கிரீடத்துக்குக் கீழே பின்னியிருந்த, அப்போதைய அரசரின் பெயரெழுத்துகள் வாளின் காலத்தைச் சொல்லின. பிடியை ஒட்டிய சின்னப் பித்தளை வட்டம், அலகு சோதித்துத் தேறியது என்றது. பிறகு அலகை விளக்கடியில் திருப்பினார். இன்னொரு லென்ஸை எடுத்தார்.

“யாரு இதைத் தேய்ச்சது?”

“நான்தான் சார். மோட்டார் சக்கரத்துல போட்டேன். நல்லா வந்திருக்குல்ல?” என்றான் அண்ணன்.

பொறிப்பு மயிரிழை ஆழம்தான் இருக்கும், போனது போனதுதான் என்றார் அவர்.

நடைபாதைக்கு வந்ததும் அவள் அண்ணனின் சட்டையைப் பிடித்தாள்.

“என்ன எழுத்து இருந்துச்சு? யோசிச்சுச் சொல்லு.”

“கோடு கோடா ஏதோ இருந்துச்சும்மா. துருன்னு நினைச்சேன்.”

“எழுத்து இருக்குன்னு அப்பா தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே, எங்க போச்சு உன் காது?”

“அவ்வளவு பெரிய இடத்துக்கு அழுக்கா அனுப்பச் சொல்றியா? நம்ம அப்பாவோட பொருளை?”

“கண்ணாடியாட்டம் ஆக்கி வச்சிருக்கியே, அதுல உன் மூஞ்சியைப் பார்த்துக்கோ.”

வீட்டில் அப்பா அலகின் மீது விரலை ஓட்டினார். நுனிவரை போய், மறுபடி பிடிவரை வந்தது அந்த விரல். எங்கும் ஒரு சொரசொரப்பும் தட்டவில்லை.

“நான் திருடியிருந்தா இதைத்தான்டா முதல்ல செஞ்சிருப்பேன்” என்றார் மகனிடம். அன்று இரவு சோற்றைத் தொடவில்லை.

அண்ணன் மறுநாள் மன்றத்துக்கே போய், தேய்த்தது தான்தான், அப்பாவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று செயலாளரிடம் மன்றாடினான். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். வசதிதான், அழிக்கிற பட்டறையும் வீட்டிலேயே இருக்கிறது என்றார். திரும்பி வந்தவனுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை.

உரிமையாளரின் அடையாளம் அழிக்கப்பட்டுள்ளது, யாருடையது என்று தீர்மானிக்க இயலவில்லை என நிபுணர் எழுதினார். ஏப்ரல் முதல் வாரம் மன்றத்தின் ஆட்கள் இருவர் வந்து வாளை எடுத்துச் சென்றார்கள்.