வக்கீல் பத்தடி நடந்த வீடியோ

வக்கீல் எங்கள் நாய். எதைச் சொன்னாலும் எதிர்வாதமாகக் குரைப்பான் என்று என் வீட்டுக்காரர் வைத்த பெயர். அவன் முன்னங்காலில் எலும்புப் புற்றுநோய் என்று எங்கள் நாய் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார். அன்றிலிருந்து, புது மருந்தைச் சோதிக்கிற ஏதாவது ஓர் ஆராய்ச்சியில் அவனைச் சேர்த்துவிட நான் அலைகிறேன். நாய் படாத பாடு என்று இனி யாராவது லேசாகச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஓர் ஆராய்ச்சிக்கு நோயுள்ள காலை ஏற்கெனவே எடுத்திருக்க வேண்டும். இன்னொன்றுக்கு எடுத்திருக்கவே கூடாது. மூன்றாவதற்கு எடை குறைந்தது இருபத்தைந்து கிலோ. வக்கீல் இருபத்து நாலே முக்கால். நாலாவது இடத்துக்கு ஐந்து நாள் போன் அடித்து ஒருவழியாக ஆள் கிடைத்தார். "அது முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே மேடம்" என்றார். இணையத்தில் மட்டும் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று இன்னும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஒரு வரியை அழிக்க அங்கே கை உள்ளவர் ஒருவரும் இல்லை போலிருக்கிறது.

ஐந்தாவதாக ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயோடு மோதவிடும் ஊசி. ஒரே ஓர் இடம் பாக்கி. ஒன்பது நாளில் சேர்க்கை முடிகிறது. கால் எக்ஸ்ரே, நுரையீரல் படம், இரத்தப் பரிசோதனை, நாய் பத்தடி நடக்கும் வீடியோ, எல்லாம் அனுப்ப வேண்டும். நிபந்தனைகளை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கடைசி மூன்று வாரத்தில் ஸ்டீராய்டு கொடுத்திருக்கக் கூடாது என்ற வரிக்குச் சிவப்பில் அடிக்கோடும் போட்டேன்.

திங்கட்கிழமை முன்னங்காலை ஊன்றவே மாட்டேன் என்றவன், வியாழக்கிழமை நான் போனைப் பிடித்ததும் பத்தடி என்ன, வாசல்வரை நடந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே அனுப்பினேன்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கே ஆராய்ச்சி டாக்டரம்மாவின் போன் வந்தது.

"மேடம், எக்ஸ்ரேல இருக்கிற கால் இப்படி நடக்காதே. என்ன மாத்திரை குடுக்கறீங்க?"

"நீங்க அனுமதிச்ச வலி மாத்திரை மட்டும்தான் டாக்டர்."

"வீட்ல ஒருதடவை கேட்டுட்டுச் சொல்லுங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர் சோபா தைப்பவர். முன்னறைதான் அவர் பட்டறை. பகலெல்லாம் வக்கீல் அவர் காலடியில்தான் கிடப்பான்.

"இவனுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "போன வருஷம் அரிப்புக்குக் குடுத்தோமே, அந்த மாத்திரை. மூணு நாளா. அப்போ அதப் போட்டதும் நல்லா ஓடினான்ல."

"அது ஸ்டீராய்டுங்க. சிவப்புல கோடு போட்டு ஒட்டியிருக்கேன், கண்ணு எங்க போச்சு?"

"படிச்சேன். அதுல அரிப்பு மாத்திரைன்னு எங்க போட்டிருக்கு?"

இருபது வருடமாகக் கவுண்டரில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் "வேற மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா?" என்று கேட்கிறவள் நான். வீட்டில் ஒருவரை அந்தக் கேள்வி கேட்கவில்லை. அந்த மாத்திரை என்னவென்று சொன்னதுமில்லை. கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி என்று பங்கு பிரிக்க முடியாமல் நின்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ கடைக்குப் போனப்புறம் அவன் முனகுறத நீ கேட்டதில்ல. நான்தான் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் குடுக்கலைன்னு சொல்லிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

சொல்லிவிடலாம் என்று எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த ஆராய்ச்சி ஊசி தட்டி எழுப்பும் எதிர்ப்புச் சக்தியை இந்த மாத்திரை தட்டித் தூங்க வைக்கும். பொய் சொல்லி இடம் வாங்கினாலும் வக்கீலுக்குப் பலனில்லை. அந்த ஆராய்ச்சி முடிவை நம்பி ஊசி போடப்போகும் மற்ற நாய்களுக்கும் கேடு. போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.

"மூணு வாரம் இடைவெளி வேணும் மேடம். எங்களுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்ல" என்றார் டாக்டரம்மா. அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. திட்டுவதற்கு அவரும் வசதிப்படவில்லை.

வீட்டுக்காரர் வக்கீலின் முதுகில் கையை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானே கெடுத்துட்டேன்" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை.

எங்கள் நாய் டாக்டரைக் கூப்பிட்டேன். அரிப்பு மாத்திரை கொடுத்ததைச் சொல்லி, இனி எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், வலியில்லாமல் இருந்தால் போதும் என்றேன். மற்ற வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, நாளையிலிருந்து அதற்குப் பதில் அந்த அரிப்பு மாத்திரையையே சாப்பாட்டோடு அரை மாத்திரை கொடுக்கலாம், எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள் என்றார்.

"அந்த மாத்திரை அட்டை எங்க வச்சிருக்கீங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். நூல்கண்டுப் பெட்டியிலிருந்து பயந்துகொண்டே எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்து வக்கீல் எழுந்தான். வாசல்வரை நடந்து, தபால்காரரிடம் நீளமாக ஒரு வாதம் வைத்துவிட்டுத் திரும்பினான். வீட்டுக்காரர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"யாருக்கு அனுப்பப் போறீங்க?"

"யாருக்கும் இல்ல" என்றார்.