முன்பே போட்ட துண்டு

இடது காலின் சுண்டுவிரல் நகம் மட்டும் பாக்கியிருந்தது. மனைவியின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார் லென்ஸ்காரர். கண்ணாடிக் கடையில் வருஷக்கணக்காக லென்ஸ் தேய்த்துப் பழகிய கை, மயிரிழை பிசகாது. இன்றைக்கென்று நகவெட்டி இரண்டு தடவை நழுவியது.

"சதையோட சேத்து வெட்டிடாதீங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "அப்புறம் இந்தக் காயம் எப்படி வந்துச்சுன்னு அவங்க தனியா ஆராய்ச்சி பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க."

சிரிக்க வேண்டிய பேச்சு. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் கண் விழித்ததும் அவள் கேட்டது இதைத்தான். தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கு மருந்து கேட்கவில்லை. நகம் வெட்டிவிடச் சொன்னாள். முன்பின் தெரியாதவர்கள் பார்க்கப் போகிறார்கள், அழுக்கு நகத்தோடு போனால் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றாள்.

தெருவில் அவளுக்குக் கண்டக்டரம்மா என்று பெயர். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நெரிசலில் பெண்கள் பக்கம் கை நீட்டியவனைக் காலரைப் பிடித்து நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறாள். சில்லறை தராமல் சட்டம் பேசிய ஒரு வக்கீலை, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறாள். வீட்டில் ஏச்சுப் பேச்சு எல்லாம் அவள் பொறுப்பு. சண்டைக்காரப் பக்கத்து வீட்டையும் தண்ணீர் விடாத ஆபீஸையும் அவளே பார்த்துக்கொள்வாள். லென்ஸ்காரர் பின்னால் நின்று தலையை ஆட்டுவார். அந்தக் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோதும் அவள் கலங்கவில்லை. சின்னக் கட்டிதான், நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள், கதிர் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேளை மாத்திரையைக்கூட அவள் தவறவிட்டதில்லை. மறுபடி பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சில வருஷம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் முதுகு வலித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற வேலை, முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டார்கள். படம் எடுத்துப் பார்த்தால், எலும்பில் வந்திருந்தது. பிறகு ஈரலில்.

அவளைச் சாய்த்தது நோய் அல்ல, அவள் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை. அப்பா போன பிறகு தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர், சிமெண்ட் கடைக்காரர். ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் ஓரம் நின்று, கண் கலங்கித்தான் சொன்னார். "நீ வாயை அடக்கியிருந்தா உடம்பு அடங்கியிருக்கும். ஊர்ல இருக்கிற கோபமெல்லாம் உனக்குள்ள. அது எங்கம்மா போகும்?"

பதிலுக்குப் பதில் கொடுத்தே பழகிய வாய் அன்றைக்குப் பேசவில்லை. அவர் போன பிறகு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எல்லாத்தையும் சரியாத்தானே செஞ்சேன்," என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். லென்ஸ்காரர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

அதே ஆஸ்பத்திரியில்தான் ஆராய்ச்சி டாக்டர் வந்து சேர்ந்தாள். மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். பேசும்போது கை இரண்டையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம். அவள் வைத்தியம் பார்க்கிறவள் அல்ல. ஒரு கட்டி, இருந்த இடத்தை விட்டு எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கிறவள். கண்டக்டரம்மா அவளை உட்காரவைத்து, படிக்காத ஆளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லச் சொன்னாள்.

டாக்டர் சொன்னாள். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இன்னதைச் செய், இன்னதைக் கட்டு என்று செய்திகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்திகளைப் பாதி வழியில் பிடித்து அடக்கி வைப்பதற்கென்று ரொம்பச் சின்னத் துண்டுகள் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். நோயாளி, நோயில்லாதவர் என்றில்லை, எல்லார் உடம்பிலும் இருக்கின்றன. புற்றில் அவற்றின் கணக்குப் பிசகுகிறது. சில துண்டுகள் குறைந்துபோகும். அப்போது அடங்கிக் கிடக்க வேண்டிய செய்தி அடங்காமல் ஓடும், கட்டி வளரும். சில துண்டுகள் கூடிப்போகும். அப்போது பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டிய செல், பிடியை விட்டுவிட்டு ரத்தத்தில் இறங்கும். இன்னும் ஒன்று இருக்கிறது. கட்டி வெளியே விடுகிற நுண்ணிய குமிழிகளில் ஏறி, இந்தத் துண்டுகளில் சில முன்கூட்டியே எலும்புக்கும் ஈரலுக்கும் போய், பின்னால் வரப்போகிற செல்லுக்கு இடத்தைப் பதப்படுத்தி வைக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். மனுஷ உடம்பில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதுதான் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

கண்டக்டரம்மா யோசித்தாள். "அப்போ ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே, ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிச்சு வச்சிடுது."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைகள் முதல் தடவையாகப் பையை விட்டு வெளியே வந்தன.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் கண்டக்டரம்மா. "கோபப்பட்டா அந்தத் துண்டு கூடுமா?"

"உங்க கோபத்தாலதான் இது வந்துச்சுன்னு சொல்ல எங்கிட்ட எந்த ஆதாரமும் இல்லம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் வந்துச்சுன்னு சொல்ல முடியாது."

அவள் உடனே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, டாக்டரை அதே வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அந்தப் பக்கம் சிமெண்ட் கடையில் லாரி பின்னால் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துக் கட்டில் நோயாளி கை தட்டினாள்.

உயிரோடு இருக்கிறவர்களிடம் கட்டியிலிருந்து ஊசி முனையளவுதான் எடுக்க முடியும். இறந்த சில மணி நேரத்துக்குள் உடம்பு கிடைத்தால் மார்பு, எலும்பு, ஈரல் என்று நோய் போன வழி முழுவதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். நேரமானால் செல்கள் கெட்டுவிடும். எது நோய் செய்தது, எது சாவு செய்தது என்று பிரிக்க முடியாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே உடம்பை வீட்டில் திருப்பிச் சேர்த்துவிடுவார்கள். இதைச் சொல்லத்தான் டாக்டர் வந்திருந்தாள். சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. இதனால் தனக்கு என்ன பிரயோஜனம் என்று கண்டக்டரம்மா கேட்டபோது, ஒன்றுமே இல்லை என்றாள். மகளுக்கு? அதுவும் இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றாள்.

டாக்டர் போனதும் அவள் புருஷனிடம் சொன்னாள். "இவ்வளவு நாள்ல இந்த ஒரு பொண்ணுதான் எங்கிட்ட பொய் சொல்லல. நான் குடுக்கப் போறேன்."

மகள் சண்டை போட்டாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். லென்ஸ்காரர் சண்டையும் போடவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும், பேச்சு எடுக்கும்போதெல்லாம் அடுப்பைப் பார்க்கப் போனார். ஒருநாள் அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க சரின்னு சொல்ல வேணாம். நான் போனதும் அந்தப் பொண்ணுக்குப் போன் மட்டும் பண்ணுங்க."

கடைசி நகத்தையும் வெட்டி முடித்து, பாதத்தை ஈரத்துணியால் துடைத்துக் கட்டிலில் வைத்தார். நன்றாக வெட்டியிருக்கிறாரா என்று பார்க்கத் தலையைத் தூக்க முயன்றாள், முடியவில்லை. மகள் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். பார்த்தாள். "பரவாயில்ல," என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்தபோது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் மகள் அப்பாவைப் பார்த்தாள். ஒன்றில் அவர் திரும்பப் பார்க்கவில்லை. அடுத்தது வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்துவிட்டுப் போனார். லென்ஸ்காரர் போனைக் கையில் எடுத்தார். எண் திரையில் இருந்தது. அமுக்காமல் உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தால் தானாகவே நேரம் தவறிவிடும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அமுக்கினார்.

"கண்டக்டர் வீட்டுலேருந்து பேசுறேன்," என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேனுக்கு முன்னால் அண்ணன் வந்துவிட்டார். கடையிலிருந்து நேராக வந்தவர், முழங்கை வரை சிமெண்ட் தூசி. தங்கையின் காலடியில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு, அழுகை சத்தமில்லாமல் குலுங்கியது. வாசலில் வேன் வந்து நின்று, ஆராய்ச்சி டாக்டரும் இரண்டு ஆட்களும் ஸ்ட்ரெச்சரோடு படி ஏறியபோதுதான் நிமிர்ந்தார். தங்கை சொல்லியிருந்தாள்தான். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று அவர் விட்டிருந்தார்.

எழுந்து போய் அறை வாசலில் இரண்டு கையையும் வைத்து அடைத்துக்கொண்டார்.

"ஒரு தடவை வெட்டினது போதாதா மாப்பிள்ளை? செத்த பிறகுமா? என் தங்கச்சியை நான் தரமாட்டேன்."

டாக்டர் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். பிறகு, வீட்டில் மனசு ஒப்பவில்லை என்றால் நாங்கள் தொடமாட்டோம், திரும்பிவிடுகிறோம் என்று தணிந்த குரலில் சொன்னாள். அவள் முகத்தில் கோபமில்லை. ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர்கள் ஸ்ட்ரெச்சரின் காலை மடக்கத் தொடங்கினார்கள்.

லென்ஸ்காரர் இப்போது ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். ஆயுசு முழுக்க அவருக்கு நன்றாக வந்த ஒரே காரியம் அது.

"மடக்காதீங்க," என்றார்.

யார் பேசியது என்று மகளே திரும்பிப் பார்த்தாள்.

அவர் மைத்துனருக்கு முன்னால் வந்து நின்றார். மைத்துனரின் தோள் உயரம்தான் இருந்தார். "எனக்கும் பிடிக்கல மச்சான். இப்பவும் பிடிக்கல. அவளை இன்னொருத்தர் தொடுறதை என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல. ஆனா உங்களையும் என்னையும் கேட்டு அவ என்னிக்கு எதைச் செஞ்சா?"

அண்ணன் கதவு நிலையை இன்னும் இறுகப் பிடித்தார்.

"அவ வாயாலதான் இது வந்துச்சுன்னு சொன்னீங்க. ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. அது இல்ல, வேற என்னவோன்னு யாராவது கண்டுபிடிக்கணும்னு அவ நெனச்சா. அவளுக்காக இல்ல. அடுத்து அந்தக் கட்டில்ல படுக்கப் போறவளை யாரும் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வழி விடுங்க. இல்லேன்னா என்னைத் தள்ளிட்டு நில்லுங்க."

அண்ணன் தள்ளவில்லை. வழியும் விடவில்லை. அவர் முகம் என்னவோ போலாகி, கதவு நிலையிலிருந்து கைகள் தாமாகவே கீழே இறங்கின. யாரையும் பார்க்காமல் வெளியே போய், கேட்டருகில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ஆட்கள் உள்ளே வந்தார்கள். கால் பக்கத்தை லென்ஸ்காரர் பிடித்தார். கனமே இல்லை. வேன் கதவைச் சாத்தும்போது மகள் ஒன்றும் சொல்லாமல் முன்பக்கம் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம், நீ இரு என்று டாக்டர் சொல்லிப் பார்த்தாள். அவள் இறங்குகிற மாதிரி இல்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நேராகத் தெருவைப் பார்த்தபடி இருந்தாள். அம்மாவின் அதே தாடை.

வேன் போன பிறகு வீட்டில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வாடகை நாற்காலிகள் வந்து வாசலில் மடித்தபடி சாய்ந்திருந்தன. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், அறைக்குள் எட்டிப் பார்த்து, வெறும் கட்டிலைக் கண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஒதுங்கினார்கள். குசுகுசுவென்று பேச்சு நடந்தது. லென்ஸ்காரர் ஜன்னலருகில் நின்றார். அந்தப் பெண்களிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு இருந்ததையெல்லாம் வாசலிலேயே சொல்லித் தீர்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் பஸ் டிரைவர் வந்தார். கண்டக்டரம்மாவோடு ஒரே வண்டியில் ஓடியவர். பாதி ஷிப்டில் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும், காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டைப் பார்த்தார். கூட்டம் இல்லை, அழுகை இல்லை. சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோமா என்று குழம்பி, கேட்டருகில் நின்ற பெரிய மனிதரிடம் கேட்டார்.

ஜன்னலுக்குள்ளிருந்து லென்ஸ்காரருக்கு அண்ணனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"ஒரு வேலையா போயிருக்கா," என்றார் அண்ணன். "சாயந்தரம் வந்துடுவா. உக்காருங்க."

டிரைவர், சாய்த்து வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்துப் பிரித்து, தெருவைப் பார்த்துப் போட்டு, வெயிலிலேயே உட்கார்ந்தார். அண்ணன் இன்னொன்றை எடுத்தார். அதன் கால் சிக்கிக்கொண்டு பிரியவில்லை. குனிந்து, சிமெண்ட் படிந்த கையால், அதை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார்.