மனப்பாடப் பார்வை

கண்ணாடிக்கடைக்காரருக்கு வயது பின்னோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஒரு நாள் காலையில் செய்தித்தாளை வெறுங்கண்ணால் படித்துவிட்டால் வேறு எப்படித்தான் நினைப்பார்? படிக்கும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பொடி எழுத்தில் இருந்த வாடகை வீட்டு விளம்பரங்களை ஒன்றுவிடாமல் உரக்க வாசித்தார். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு அறை, மூன்று அறை என்று அவர் அடுக்கியதையெல்லாம் மனைவி கேட்க வேண்டியிருந்தது.

"பாத்தியா? கண்ணாடி விக்கிறவனுக்கே கண்ணாடி வேண்டாம்னு ஆயிடுச்சு!"

"சந்தோஷம். டீ ஆறுது, குடிங்க."

இடுப்பும் சிறுத்திருந்தது. லென்ஸில் துளை போடும் கருவியாலேயே பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொண்டார். 'இளைச்சிட்டீங்களே' என்று யாராவது கேட்டால் போதும், மனசு சுத்தமாக இருந்தால் உடம்பு தானாக வழிக்கு வரும் என்று ஒரு பிரசங்கமே நடத்திவிடுவார். தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். குடித்த கையோடு கொல்லைப்பக்கம் ஓடினார். இரவிலும் அதே ஓட்டம். "இப்படி எழுந்து எழுந்து போறீங்களே" என்று மனைவி கேட்டதற்கு, "தொட்டி நிறைஞ்சா வழியாதா?" என்று பதில் வைத்திருந்தார். லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும்போது கட்டைவிரலில் பட்ட கீறல் மட்டும் ஆறுவேனா என்று அடம்பிடித்தது. பிளாஸ்திரி மாறியதே தவிர புண் மாறவில்லை.

தூரத்துப் பொருள்கள் கொஞ்சம் மங்கியிருந்தது உண்மை. அதற்கு எதிர்க்கடைக்காரனின் பெயர்ப்பலகை பொறுப்பு. அவன் பெயின்ட் அடித்து எத்தனை காலமாயிற்று! தன் தூரக்கண்ணாடியை இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் மங்கல் போகாததற்கு லென்ஸ் கம்பெனி பொறுப்பு. போனில் அவர்களைப் பிடிபிடியென்று பிடித்தார். தன் கண்ணைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்.

இத்தனைக்கும் அவர் விஷயம் தெரியாதவர் இல்லை. அதுதான் வேடிக்கை. ஒரு டாக்சி டிரைவர் ஆறு மாதத்துக்குள் மூன்றாவது தடவையாகக் கண்ணாடி சரியில்லை என்று வந்து நின்றபோது, அவர் லென்ஸைத் தொடக்கூட இல்லை.

"தம்பி, கண்ணாடியில கோளாறு இல்ல. பவர் அடிக்கடி ஏறி இறங்குதுன்னா சர்க்கரையைப் பாக்கணும். தாகம் எடுக்குதா? உடம்பு காரணமில்லாம இளைக்குதா? புண்ணு ஆற மாட்டேங்குதா? முதல்ல ரத்தம் குடுத்துப் பாருங்க. அப்புறம் கண் டாக்டர்கிட்ட சொட்டு மருந்து போட்டு உள்ள பாக்கச் சொல்லுங்க. கண்ணு போனா வருமா?"

டிரைவர் பயந்துபோய் அன்றே பரிசோதித்துக்கொண்டார். சர்க்கரை இருந்தது. நன்றி சொல்ல வந்தவர், "நீங்க எப்ப சார் பாத்தீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார்.

"எனக்கெதுக்கு? நான்தான் வரவர இளைஞனாயிட்டு வர்றேனே!"

ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடமாகியிருந்தது. தாகம், இளைப்பு, ஆறாத புண். ஒவ்வொன்றாகத் தன் வீட்டுக்காரர் மேல் வைத்துப் பார்த்தாள். எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அந்த வாரம்தான் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், "புதுக் கண்ணாடி போட்டா கண்ணை இழுக்குது" என்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார். லென்ஸின் நடுப்புள்ளியை இவர் தள்ளிக் குறித்திருந்தார். முப்பது வருஷத்தில் நடக்காத தப்பு.

சொன்னால் கேட்கிற ஆளா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அன்றே சொல்லிப் பார்த்தாள்.

"என் கண்ணைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று அவர் பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அறை சின்னது என்பதால், இடவலம் மாற்றி அச்சடித்த எழுத்து அட்டை நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே தொங்கும். எதிர்ச்சுவரில் உள்ள நிலைக்கண்ணாடியில் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். அவர் ஒரு கண்ணைப் பொத்தினார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். மறு கண்ணைப் பொத்தினார். அதே கடகட. "போதுமா?"

அவள் அண்ணாந்து அந்த அட்டையைப் பார்த்தாள்.

மறுநாள் மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். சாயங்காலம் கடை ஓய்ந்ததும், "நேத்து நான் சரியா கவனிக்கல. இன்னொரு தடவை படிங்களேன்" என்றாள்.

பெருமையடிக்க அழைத்தால் வேண்டாம் என்பாரா? உட்கார்ந்தார். "மேல இருக்கிறதெல்லாம் சின்னப் பசங்களுக்கு. நேரா கடைசி வரிக்கே போறேன், கேட்டுக்கோ. ம, ட, ப, ய, ல, ந, க." சொல்லும்போது அவர் கண் நிலைக்கண்ணாடியில் இல்லை, மனைவியின் முகத்தில் இருந்தது. பாராட்டு வரவேண்டிய இடம் அதுதானே.

பாராட்டு வரவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன இது? எதுக்கு அழுறே?"

"அது நம்பர் அட்டைங்க. அதுல எழுத்தே கிடையாது."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நிலைக்கண்ணாடியை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். உச்சியில் பெரிதாக ஏழு. அடுத்து ஒரு மூன்று, ஒரு ஐந்து. அதற்கடுத்து எட்டா, ஆறா? அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, எறும்பு மொய்த்த மாதிரி ஒரு கறுப்பு. முப்பது வருஷமாக அந்த அட்டையை அடுத்தவர்களுக்குக் காட்டியவர், தான் எப்போது பார்ப்பதை நிறுத்தினோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடையை அவள்தான் பூட்டினாள்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எகிறிக் கிடந்தது. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து போட்டு உட்கார வைத்தார்கள். கண்பாவை விரிய விரிய வெளிச்சம் கூசியது. பக்கத்தில் இருந்தவளின் முகம் கலங்கிக் கரைந்தது. மருந்தால் அப்படி ஆகும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லி அனுப்பியவர்தான், ஆனாலும் பயந்தார்.

"உன் முகம் தெரியல" என்றார் மெதுவாக.

"இங்கதான் இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா விளக்கை வைத்து நெடுநேரம் உள்ளே பார்த்தார். "கிட்டத்துல கண்ணாடியில்லாம படிச்சீங்க, தூரத்துல மங்குச்சு, சரியா? அது சர்க்கரையோட வேலை. சர்க்கரை இறங்கினா அது சரியாயிடும். ஆனா பின்னால விழித்திரையில சின்னச் சின்ன ரத்தக் கசிவு ஆரம்பிச்சிருக்கு. அது வலிக்காது, மங்காது, சொல்லாமலே வரும். இந்த மங்கல் மட்டும் இல்லேன்னா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க. இப்ப பிடிச்சதால காப்பாத்திடலாம். மாத்திரை, சாப்பாட்டுல கட்டுப்பாடு, நடை. நான் சொல்ற தேதிக்கெல்லாம் வந்து காட்டணும். கண்ணு போனா வருமா?"

கடைசி வாக்கியத்தை எங்கோ கேட்டமாதிரி இருந்தது அவருக்கு.

சர்க்கரை இறங்க இறங்க, வயது பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தது. செய்தித்தாளுக்குப் படிக்கும் கண்ணாடி தேவைப்பட்டது. எதிர்க்கடைக்காரன் பெயின்ட் அடிக்காமலே அவன் பெயர்ப்பலகை பளிச்சென்று ஆனது. கட்டைவிரல் ஆறியது. லென்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, காரணம் சொல்லாமல் நலம் விசாரித்தார்.

இப்போதெல்லாம் கடை ஓய்ந்த பிறகு அவள் அட்டை மாட்டுகிறாள். எந்த அட்டை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒரு கண்ணைப் பொத்தி, ஒவ்வொன்றாக, தட்டித் தடவி, நிஜமாகவே பார்த்துப் படிக்கிறார். ஒரு நாள் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"தெரியல" என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன போட்டிருக்கு? சொல்லேன்" என்றார்.

"சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு உங்களுக்குத் தெரிய ஆரம்பிச்சிடும்."