பெருக்கல் குறி

ஓக் மரத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. மிரேய் போட்டதல்ல.

பையை இறக்கிவைத்துவிட்டு மரத்தருகே போனாள். மஞ்சள்தான். ஆனால் அவள் டப்பாவில் இருக்கும் மஞ்சள் அல்ல. லேசாக ஆரஞ்சு கலந்தது, டிராக்டருக்கு அடிப்பது போல. பட்டையில் படிந்திருந்த பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, அதன்மேல் நிதானமாக அடித்திருந்தார்கள். இரண்டு கோடுகளும் நடுவில் சரியாக வெட்டிக்கொண்டன. அவசரத்தில் செய்த குறும்பு இல்லை. இதைச் செய்தவருக்கு நேரம் இருந்திருக்கிறது.

ரூவேர் ஏரியைச் சுற்றி வரும் நடைபாதைக்கு அடையாளம் போடுவது மிரேயின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. நடைபயணச் சங்கம் தருவது பெயிண்ட்டும் பிரஷும்தான். படுக்கைவாட்டில் ஒரு மஞ்சள் கோடு என்றால் வழி சரி, நடந்துகொண்டே இரு. பெருக்கல் குறி என்றால் தப்பான பக்கம், திரும்பு. காட்டில் நடக்க வருகிற எல்லோருக்கும் இது தெரியும்.

மரம் நின்ற இடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் தார்ச்சாலைக்கு. இடப்பக்கம் ஏரிக்கரைக்கு இறங்கும் பழைய வழி, வெர்ஞோ என்ற கிழவரின் நிலம். சில வருடங்களுக்கு முன் யாரோ கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போக, அவருடைய கிடேரி ஒன்று ஏரிச் சேற்றில் இறங்கிச் செத்தது. மறுநாளே வழியை மூடிவிட்டார். அன்றிலிருந்து பாதை தார்ச்சாலையில்தான் சுற்றிப் போகிறது. இந்த இலையுதிர் காலத்தில் மாவட்டச் சங்கத்தார் பார்வையிட வருகிறார்கள். இவ்வளவு தார் இருந்தால் பாதையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மிரேய்க்கு விவாகரத்தான வருடம் யாரும் கேட்காமலே பெரணிகளை அறுத்து அவள் தொடங்கிய பாதை அது. அது இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவளால் யோசிக்க முடியவில்லை.

"கிழவர் வேலைதான்," என்றான் எர்வே. அவளுக்குத் துணையாக வருகிறவன், ஊர்த் தபால்காரன். வாரம் முழுக்க வண்டியில் போகிறவன் என்பதால் மேடு ஏறியதும் மூச்சு வாங்கியது. "மூடினது போதாதுன்னு முத்திரை வேற குத்தியிருக்கார்."

"பாசியைக்கூட எடுத்திருக்கார் பாரு. வராதேன்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு சிரத்தை?"

"கோவத்தையும் ஒழுங்கா படற ஆளு அவர். விடு, சாப்பிடலாம். ரொட்டி காயுது."

"நீ சாப்பிடு. அடுத்த மரத்தைப் பார்த்துட்டு வரேன்."

"மிரேய், அவர் துப்பாக்கி வெச்சிருக்கார்."

"காட்டுப்பன்னிக்குத்தானே."

"அவர் கண்ணுக்கு இருக்கற பார்வைக்கு, உனக்கும் பன்னிக்கும் என்ன பெரிய வித்தியாசம் தெரிஞ்சிடப்போகுது?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடப்பக்கம் இறங்கினாள்.

அடுத்த செஸ்நட் மரத்திலும் பெருக்கல் குறி. வளைவு தாண்டி இன்னொன்று. அவளுக்கு அது விநோதமாகப் பட்டது. தடுக்க நினைக்கிறவர் வாசலில் ஒன்று போட்டால் போதும். உள்ளே வந்துவிட்டவனிடம் ஒவ்வொரு வளைவிலும் ஏன் சொல்ல வேண்டும்? முட்செடிகள் இருபுறமும் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய நுனிகள் இன்னும் வெளுப்பாக இருந்தன. ஊற்றுநீர் தேங்கும் இடத்தில் ஒரு பலகை கிடந்தது. வழுக்காமலிருக்கக் கோழிக்கூட்டு வலையை அதன்மேல் ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். மிரேய் அதில் ஒருமுறை போய்த் திரும்பி வந்தாள். ஆடவில்லை.

கரையில் கேட் இல்லை. கீலோடு கழற்றி வேலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். கவிழ்த்துப்போட்ட படகின்மேல் வெர்ஞோ உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அந்தப் பெயிண்ட் மதாம்தானே?"

"ஆமா, மொஸ்யே வெர்ஞோ. மன்னிக்கணும், கேக்காம வந்துட்டேன்."

"எதுக்கு மன்னிப்பு? பாதையிலதானே வந்தீங்க." அவர் எழுந்திருக்கவில்லை. "நீங்கதான் முதல் ஆள். தொறந்து சில வாரமாச்சு. மேல வந்து நிக்கறாங்க, சத்தம் கேக்குது. குறியைப் பாக்கறாங்க. பார்த்துட்டு நேரா ரோட்டுக்குப் போயிடறாங்க. தொறக்கலேன்னு எத்தனை வருஷம் திட்டினாங்க! தொறந்தா வர மாட்டேங்கறாங்க. உங்க ஆளுங்களுக்கு என்னதான் வேணும்?"

மிரேய் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தப் பெருக்கல் குறி... அதுக்கு என்ன அர்த்தம், மொஸ்யே?"

"என்ன அர்த்தமா? எங்க காட்டுல கோடு போட்டா அந்த மரம் விழணும். பெருக்கல் போட்டா யாரும் கை வைக்கக் கூடாது, அது நிக்கும். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். அதனால போட்டேன். இந்த வழி நிக்கும்னு." கொஞ்சம் தயங்கினார். "நீங்க கோடு போட்டுட்டுப் போற மரத்தையெல்லாம் பார்த்தா, இதையும் வெட்டப்போறாங்களான்னு இருக்கும். நல்ல நல்ல மரம்."

"எங்களுக்கு நேர் எதிர். கோடுன்னா வா. பெருக்கல்னா வராதே, திரும்பிப் போ."

அவர் ஏரியைப் பார்த்தார். கழுத்தில் தொடங்கிய சிவப்பு மெல்ல ஏறிக் காது நுனிவரை வந்தது.

"அப்போ இத்தனை நாளா மரத்துக்கு மரம் போய், 'வராதே'ன்னு எழுதியிருக்கேன்."

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தோள் ஒருமுறை குலுங்கியது. மிரேய் படகின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"ஏன் தொறந்தீங்க?"

"மாட்டையெல்லாம் வித்தாச்சு." அது போதும் என்பதுபோல் நிறுத்தினார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "முன்னாடியெல்லாம் நடக்கறவங்க பேச்சு வேலிக்கு அந்தப் பக்கம் கேக்கும். பாதிதான் கேக்கும். ஒருநாள் ஒரு பொண்ணு, 'அவர்கிட்ட சொல்லிட்டியா?'ன்னு கேட்டா. கூட வந்தவன் பதில் சொல்றதுக்குள்ள வளைவுல மறைஞ்சுட்டாங்க. யார்கிட்ட? என்னத்தை? இன்னிக்கும் யோசிக்கறேன்."

மிரேயும் யோசித்தாள். ஒரு நீர்க்கோழி நாணலை விட்டு வெளியே வந்து, அவர்களைப் பார்த்துவிட்டு, உள்ளே போனது.

"சங்கத்துக்கு உங்க கையெழுத்து வேணும்," என்றாள். "இந்த வழி சேர்ந்தாத்தான் பாதை வரைபடத்துல இருக்கும். இல்லேன்னா மொத்தமா எடுத்துடுவாங்க."

"மேயர் ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் மாட்டேன்னு சொன்னவன் நான்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "யாராவது வரட்டும். நீங்க கணக்குல இல்ல, நீங்க வேலையா வந்தீங்க. சும்மா நடக்கற ஒருத்தர் வந்துட்டாப் போடறேன். ஆள் வராத பாதைக்கு எதுக்குக் கையெழுத்து?"

இருவரும் மேலே ஏறினார்கள். மிரேய் ஒவ்வொரு குறியின்மேலும் பழுப்பு பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டு, எதிர்ப்பக்கப் பாறையிலோ கம்பத்திலோ மஞ்சள் கோடு போட்டாள். வெர்ஞோ டப்பாவைப் பிடித்துக்கொண்டார். வழி பிரியும் இடத்திலிருந்த ஓக் மரத்தில் மறைத்த இடம் காயும் முன்பே அவள் கோடு போடும் அச்சுத் தகட்டை எடுத்தபோது அவர் கை குறுக்கே வந்தது.

"இதுல வேணாம். கோடு வேணாம்."

"இது வெறும் பெயிண்ட், மொஸ்யே."

"தெரியும். ஆனா வேணாம். அதோ, அந்த பிர்ச் மரத்துல போடுங்க. அது எப்படியும் போகப்போகுது."

"அது காத்தடிச்சா விழுந்துடும்," என்றான் எர்வே, வாய் நிறைய ரொட்டியோடு. "பாதையும் கூடவே விழுந்துடும்."

கடைசியில் மரத்தடிப் பாறையில் போட்டாள். பிரஷை எடுப்பதற்குள் மேட்டின் கீழே பேச்சுக்குரல் கேட்டது. வெர்ஞோ மிரேயின் கையைப் பிடித்து ஹாலி புதருக்குப் பின்னால் இழுத்தார். எர்வேயும் ரொட்டியோடு குனிந்து வந்து சேர்ந்தான்.

"மூச்சு விடலாமா?" என்று கிசுகிசுத்தான்.

"கூடாது," என்றார் வெர்ஞோ.

ஓர் ஆணும் பெண்ணும். அவன் வரைபடத்தை விரித்து வலப்பக்கம் கை காட்டினான். "ரோடு வழியாத்தான் போட்டிருக்கு." அவள் பாறை முன் குந்தி உட்கார்ந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலைத் தூக்கிப் பிடித்தாள். நுனி மஞ்சளாக இருந்தது.

"ஈரமா இருக்கு," என்றாள். "இப்பத்தான் யாரோ போட்டிருக்காங்க."

அவன் ஏதோ முணுமுணுத்தான். அவள் விரலைத் துடைக்கவில்லை. கிளைகளுக்கு இடையே ஏரி தெரிந்த பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதருக்குப் பின்னால் வெர்ஞோ, காதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தபடி, அசையாமல் நின்றார். அவர் கையில் டப்பா சரிந்து, மஞ்சள் சொட்டுச் சொட்டாக அவர் பூட்ஸின்மேல் விழுந்துகொண்டிருந்தது.