ரேஷன் நின்றுவிடுமாம்

மூன்றாம் நாளும் பள்ளிக்கூடத்தில் போட்ட நாற்காலி காலியாகவே கிடந்தது. அதன் பின்னால் கட்டிய நீலத் துணி காற்றில் உப்பி உப்பி அடங்கியது. வாக்காளர் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்த கேமராக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பட்டியலும் கையுமாக உட்கார்ந்திருந்த மரிய அந்தோணி வாத்தியாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெருவில் நானூறு ஓட்டு. வந்தது பத்தொன்பது பேர். இன்று ஐந்து மணியோடு கேமரா அடுத்த வார்டுக்குப் போய்விடும். அட்டை இல்லாதவர்களை ஓட்டுப் போட விடமாட்டார்கள் என்று தொண்ணூற்று நாலில் ஊரெல்லாம் பேச்சு. தன் தெருவே ஓட்டில்லாமல் நிற்குமே என்று அவருக்குக் கவலை. போதாக்குறைக்கு, வராதவர்களில் அவர் மனைவி சகாயம்மாளும் ஒருத்தி.

எல்லாம் தண்டாயுதபாணியின் சைக்கிள் கடை வாசலில் இருக்கும் கரும்பலகையால் வந்தது. அரசாங்கம் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று தினமும் காலையில் அவர் அதில் எழுதுவார். பேப்பர் வாங்குகிறவர்கள்கூட அதைப் படித்த பிறகுதான் பேப்பரை நம்புவார்கள். மூன்று நாளாக அதில் இருந்தது இது: 'போட்டோ எடுத்தால் ரேஷன் நின்றுவிடுமாம்.'

விஷயம் தெரிந்ததும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வாத்தியார் அங்கே போனார்.

"என்னங்க இப்படி எழுதி வச்சிருக்கீக? தெருவே மெரண்டு கெடக்கு."

"நான் எங்க 'நிக்கும்'னு எழுதுனேன்? 'நிக்குமாம்'னுதான எழுதுனேன். சனங்க வாயில அந்த 'ஆம்' உதுந்துபோச்சுன்னா நான் என்ன பண்றது சார்?"

"சரி, ஒங்களுக்கு இத யாரு சொன்னது?"

தண்டாயுதபாணி பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்கதான் சார். போன வாரம் காத்தடிக்க வந்தப்ப, 'போட்டோ எடுத்துட்டு ரேஷன்ல கை வைக்காம இருந்தாச் சரி'ன்னீக. கவர்மெண்டு வேலை பாக்குறீக, ஒங்களுக்குத் தெரியாததா?"

வாத்தியார் அப்படிச் சொன்னது உண்மைதான். விளையாட்டாகச் சொன்னாரா, உள்ளூரப் பயந்து சொன்னாரா என்பது இப்போது அவருக்கே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் கெஞ்சிக் கேட்டதில் தண்டாயுதபாணி பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'போட்டோ எடுத்தால் ரேஷன் நிற்காதாம்.'

குடத்தோடு வந்த சின்னத்தாயி அதைப் படித்தாள். "நிக்காதாம்ல, நிக்காதாம்!" என்று இழுத்துச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். முன்பு உதிர்ந்துபோன 'ஆம்' இந்தத் தடவை கோந்து போட்டு ஒட்டிக்கொண்டது.

"அந்த 'ஆம்'மை எடுத்துருங்க" என்றார் வாத்தியார்.

"எடுத்தா நானே சொன்னதா ஆயிரும் சார். நாளைக்கி நெசமாவே நின்னுட்டா?"

வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நடந்தார்.

நாலே முக்காலுக்கு சகாயம்மாள் வந்தாள். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே சின்னத்தாயியும் இன்னும் முப்பது பேரும், வாத்தியார் வீட்டம்மா உட்காருகிறாளா என்று பார்த்தபடி நின்றார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தவள் கேமராவைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, பலகையில எழுதுனது வேணாம். நீக சொல்லுங்க. ஒண்ணும் ஆகாதுல்ல?"

கேட்டில் இருந்தவர்களும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள்.

"ஒண்ணும் ஆகாதாம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அந்த 'ஆம்' அவர் காதிலும் விழுந்தது. சகாயம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்தாள். "அசையாதீங்கம்மா" என்றார் கேமராக்காரர். ஃபிளாஷ் மின்னியபோது அவள் பாதி எழுந்த நிலையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.